ஆகமன காலத்தில் அக்கம்பக்கம்: கம்பளிக்கு முன்னால் காகிதம்

2022 மே மாதம் இந்தச் சேகரத்துக்கு (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவுக்கு) ஆயராக மாற்றலாகி வந்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, தாமிரபரணி வாய்க்கால் பாயும் ஊர். அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு வாலிபர் சங்கப் பிள்ளைகளோடு சேர்ந்து 40 கம்பளி வாங்கினோம். எங்கள் கோயில் (தேவாலயம்) முன்னால் பந்தல் போட்டு, பேனர் கட்டி, வரிசையில் நிறுத்திக் கொடுத்தோம். ஒவ்வொருவரையும் போட்டோ வேறு எடுத்தோம். கோயில் மதிலை ஒட்டிக் குடியிருக்கும் பாட்டி ஒருவர் வந்திருந்தார். எங்கள் சபைக்காரர் அல்ல. சுடலைமாடன் கோயிலில் விளக்குப் போடுகிறவர். கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார் (ஐயர் என்றால் இங்கே ஆயர்தான்): "நல்லாத்தான் இருக்கு ஐயரே. போன ஐயரு குடுத்ததையே இன்னும் பிரிக்கல. அந்த முதியோர் பென்சனுக்கு ஒரு மனு எழுதித் தாங்கன்னு கேட்டேன், அதுக்குத்தான் ஆள் இல்ல."

மனு எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. பென்சன் அவர் கைக்கு வர 21 மாதம் ஆனது. அதில் பாதி மாதங்கள் என் அறியாமையால் போனவை. புதிதாகச் சேகரம் ஏற்கும் ஆயர்களும், உபதேசியார்மாரும், வாலிபர் சங்கச் செயலாளர்களும் அந்த மாதங்களை வீணாக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. டிசம்பரில் தொடங்காதீர்கள்

ஆகமன காலம் என்பது கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் அடங்கிய ஆயத்த நாட்கள். முதல் ஆகமன ஞாயிறு 2026-ல் நவம்பர் 29, 2027-ல் நவம்பர் 28. ஊதா விரிப்பு விரித்து முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு "இந்த வருஷம் ஏழைகளுக்கு என்ன செய்யலாம்" என்று கமிட்டி கூட்டினால், கம்பளியும் அரிசிப் பையும் தவிர வேறு எதற்கும் நேரம் இருக்காது. நாங்கள் அப்படித்தான் மாட்டினோம்.

அக்டோபர் கடைசி வாரத்திலேயே வேலை தொடங்கட்டும். நவம்பர், டிசம்பரில் மழை. வாக்காளர் பட்டியல் திருத்த வேலையும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும், கிராம நிர்வாக அலுவலர் அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். டிசம்பர் 20-க்கு மேல் பாதிப் பேர் விடுப்பு. அதற்கப்புறம் புது வருஷம், பொங்கல். டிசம்பர் 10-ல் கொடுத்த மனுவை ஜனவரி 20-க்கு முன் யாராவது தொட்டுப் பார்த்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகமன காலம் காத்திருப்பின் காலம் என்று நானும் பத்து வருஷமாகப் பிரசங்கம் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். தாலுகா அலுவலக வராந்தா பெஞ்சில் அந்தப் பாட்டியோடு மூன்று தடவை உட்கார்ந்த பிறகு அந்தப் பிரசங்கத்தைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. காத்திருக்கிறவனுக்கு "பொறுமையாயிருங்கள்" என்று சொல்வது சுலபம். கூட உட்கார்ந்திருப்பதற்குத்தான் அரை நாள் தேவைப்படுகிறது.

2. பட்டியலை வீட்டில் போய் எழுதுங்கள்

கமிட்டி அறையில் உட்கார்ந்து "யார் யார் ஏழை" என்று பட்டியல் போட்டால், வருஷா வருஷம் அதே 40 பேர்தான் வருவார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் வரவே மாட்டார்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காவாக இருக்கட்டும். படிவம், பேட்ஜ் எதுவும் வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு போதும். கோயிலைச் சுற்றி உள்ள தெருக்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்குங்கள், சபைக்காரர் வீடு, மற்றவர் வீடு என்று பார்க்காமல்.

நாங்கள் கேட்பது நான்கு கேள்விகள். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்? மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள்? எந்தக் காகிதம் முடியாமல் நிற்கிறது? ராத்திரி உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? நான்காவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் முழித்தவர்கள் எங்கள் ஊரில் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் ஓரளவு வசதியானவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். அவர்களுக்குக் கம்பளியும் வேண்டாம், பென்சனும் வேண்டாம். சுவரில் ஒட்டி வைக்க இரண்டு போன் நம்பரும், பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் போதுமாயிருந்தது. செலவு பூஜ்யம். எங்கள் வேலையிலேயே உருப்படியானது இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான்காம் ஆகமன ஞாயிற்றில் மரியாள் மலைநாட்டுக்கு எலிசபெத்தைப் பார்க்கப் போனதை வாசிக்கிறோம். வாழ்த்துச் சொல்லிவிட்டு அன்றைக்கே திரும்பவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அந்த வயதான அம்மாவோடு இருந்தாள். அந்த வசனத்தில் நாம் நின்று பேசுவதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. சபைக்கு வெளியே உள்ளவர் வீட்டுக்குப் போகும்போது சுவிசேஷக் கைப்பிரதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உதவியோடு சேர்த்துக் கொடுத்தால், வாங்குகிறவருக்கு அது விலைச்சீட்டாகத்தான் தெரியும். என் கமிட்டியில் இதற்கு ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

3. காகிதங்கள்: எது, எங்கே, எவ்வளவு

யோசேப்பு நிறைமாதக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு பெத்லகேமுக்குப் போனது குடிமதிப்பு எழுத. கிறிஸ்மஸ் கதையே ஒரு அரசாங்கப் பதிவு வேலையில்தான் தொடங்குகிறது. ஆகவே "இது ஆயர் வேலையா?" என்று கேட்பவர்களுக்கு லூக்கா இரண்டாம் அதிகாரத்தைக் காட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

முதியோர் ஓய்வூதியம். 60 வயது நிறைந்த, ஆதரவற்ற, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு. மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ஆனது. கணவரை இழந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. எதற்கு மனு போடுகிறோம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட் அளவு போட்டோ. அரசு இ-சேவை மையத்தில் இந்த மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதிலுள்ள மனு எண்தான் பிறகு எல்லாவற்றுக்கும் சாவி. மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும்.

நான் விழுந்த குழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் குழி வயது. பாட்டிக்கு எழுபது இருக்கும், ஆதாரில் 57. பதிவு செய்த அன்று யாரோ தோராயமாகச் சொன்னது. 2023 ஜனவரியில் போட்ட முதல் மனு அதனாலேயே தள்ளுபடி. ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு தடவைதான் மாற்ற முடியும். அவசரத்தில் தப்பாக மாற்றிவிட்டால் பெரும்பாடு. எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று ஆதார் மையத்தில் கேட்டுக்கொண்டு, அதைத் தேடி எடுத்த பிறகு போங்கள். நம் ஞானஸ்நானப் பதிவேட்டு நகல் எங்கும் செல்லும் என்ற நினைப்பு பழைய காலத்தோடு போயிற்று. திருத்தக் கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். கைரேகை புதுப்பித்தலுக்கு 125. வயலில் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். அதையும் கையோடு சரிபார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் திண்டாட்டம்.

இரண்டாவது, குடும்ப அட்டை. பாட்டியின் பெயர் திருப்பூரில் இருக்கும் மகனுடைய அட்டையில் இருந்தது. மகன் அனுப்பும் பணம் அவனுக்கே போதவில்லை. ஆனால் விசாரணைக்கு வருகிறவர் பார்ப்பது அட்டையை: "மகன் இருக்கிறாரே, ஆதரவற்றவர் எப்படி?" இரண்டாவது மனுவும் போயிற்று. பெயரை நீக்கித் தனி அட்டை வாங்க வேண்டும். தனி அடுப்பு எரிகிறதா என்று வந்து பார்ப்பார்கள். இதற்கே மாதக்கணக்காகும். ஆகவே பென்சன் மனுவுக்கு முன்னால் இதை முடியுங்கள்.

மூன்றாவது, போன் நம்பர். ஓ.டி.பி. திருப்பூருக்குப் போகும், மகன் ஷிப்டில் இருப்பான். இ-சேவை மையத்துக்குப் போகும் நேரத்தை முந்தின நாளே அவனிடம் சொல்லி வையுங்கள். வசதி என்று உங்கள் நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு நீங்கள் மாற்றலாகிப் போவீர்கள், ஓ.டி.பி. உங்களோடு வரும்.

நான்காவது, புரோக்கர். "மூவாயிரம் குடுங்க, ஒரே மாசம்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். எங்கள் ஊரில் ஒரு அம்மா கம்மலை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து என்னிடம் அழுதார். மனு எண்கூட அவரிடம் இல்லை.

மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். திங்கள்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பழைய மனு எண்ணோடு அங்கே கொடுத்து ரசீது வாங்கலாம். 1100 என்ற எண்ணிலும் முறையிடலாம். ஆயர் என்ற அங்கியோடு போய் அதிகாரம் பண்ணாதீர்கள். நான் ஒரு தடவை பண்ணினேன், வேலை இரண்டு வாரம் தள்ளித்தான் போயிற்று.

மருத்துவக் காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய். அட்டைப் பதிவு மையம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இந்த அட்டைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நல்ல உடம்போடு இருக்கும்போதே ஒரு வேன் பிடித்துப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுங்கள்.

வாழ்நாள் சான்று. ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய சான்று. ரயில்வே, தபால் போன்ற மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு நவம்பர் மாதம்தான் கெடு. முதல் ஆகமன ஞாயிறும் கெடுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து நிற்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை அல்லது முகம் பதிந்து கொடுப்பார். கட்டணம் 70 ரூபாய்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நகலின் குறுக்கே "முதியோர் ஓய்வூதிய மனுவுக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். மிச்ச நகலை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். வெஸ்ட்ரி (ஆராதனைக்கு ஆயர் ஆயத்தமாகும் அறை) பீரோவில் ஊரார் ஆதாரைச் சேர்த்து வைப்பது நமக்கு வேண்டாத வேலை.

4. பணம்

2022-ல் கம்பளி 40 × 280 = 11,200 ரூபாய்; பந்தல், பேனர், மைக், போட்டோவுக்கு 4,500. 2024-ல் 11 பேருடைய காகித வேலை முழுவதற்கும், ஆட்டோ, நகல், போட்டோ, கட்டணம் எல்லாம் சேர்த்து 6,340 ரூபாய். அதிலும் ஆட்டோவே பெரும்பகுதி.

இந்த அளவுக்குப் பிடி அரிசிக் காணிக்கையே போதும். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த அரிசியை ஏலம் விட்டால் வருவதைத் தனி நோட்டில் எழுதுங்கள். வரவு செலவில் ஆயரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். செலவு எழுதும்போது உதவி பெற்றவர் பெயரை எழுதாமல் எண் மட்டும் போடுங்கள், அந்த நோட்டைக் கூட்டத்தில் வாசிப்பார்கள்.

பெரிய பொறி ஒன்று வெளிநாட்டுப் பணம். "அமெரிக்காவிலிருந்து என் தம்பி ஐம்பதாயிரம் அனுப்புகிறான், சபைக் கணக்கில் போடட்டுமா?" என்று ஒருவர் சந்தோஷமாகக் கேட்பார். தம்பி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து தன் சொந்தச் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் ஆகும்; வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். "திருமண்டல அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பணம் வந்த பிறகு கேட்காதீர்கள்.

5. கேரல் ரவுண்ட்ஸ்

ராத்திரியில் வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறோம், ஊர் தூங்க முடியாமல் கிடக்கிறது. அக்கம்பக்கத்தார்மேல் அன்பு என்று பேசிவிட்டு இதைச் செய்யக் கூடாது. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. தெருக்கள், தேதி, நேரம் எழுதிக் காவல் நிலையத்தில் பத்து நாள் முன்னதாக மனுக் கொடுத்து, கையெழுத்திட்ட நகலை ரவுண்ட்ஸ் போகும் வண்டியில் வையுங்கள். கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுப் பக்கம் டிரம் அடிக்காமல் போகலாம். அந்த வருஷம் துக்கம் நடந்த வீட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கிறிஸ்மஸ் தாத்தாவை வெளியே நிறுத்திவிட்டு, நாலு பேர் மட்டும் உள்ளே போய் ஒரு பாட்டு மெதுவாகப் பாடி ஜெபம் பண்ணிவிட்டு வாருங்கள். அந்த வீட்டுக் காணிக்கைக் கவரை வாங்க வேண்டாம்.

6. பலகாரம்

ஆகமன காலத்தில் பாதி நாள் கார்த்திகை, மீதி மார்கழி. பக்கத்து வீட்டில் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். கேக்கில் முட்டை இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அச்சு முறுக்கிலும் முட்டை உண்டு என்பதை மறந்துவிடுவோம். ஒரு குருசாமி வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பாதித் தெரு வந்தபின் ஞாபகம் வந்து ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே "தனியாத்தான் வச்சிருக்கேன், தையில சாப்பிடுதேன்" என்றார். முந்திரிக்கொத்து கொடுங்கள்: பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், யாருக்கும் தடையில்லை. இஸ்லாமியர் வீட்டுக்குப் பிளம் கேக் கொடுப்பதானால் பழத்தை எதில் ஊறப்போட்டார்கள் என்று பேக்கரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. மழைக்கு ஒரு பை

2023 டிசம்பர் 17 மூன்றாம் ஆகமன ஞாயிறு. காலை ஆராதனை முடிந்தபோதே மழை வலுத்தது. அந்த ஒரு நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 800 பேர் மாட்டிக்கொள்ள, பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் போட்டுச் சோறாக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் பட்டியல் போடவில்லை.

எங்கள் ஊரில் பாட்டி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்றாவது மனுவுக்காகத் திருத்தி வாங்கி வைத்திருந்த எல்லாக் காகிதமும் தகரப்பெட்டிக்குள் கூழாகிப் போனது. வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுத்தது. அங்கே சீக்கிரம் முடிந்தவர்கள், ஏதோ ஒரு எண்ணையாவது குறித்து வைத்திருந்தவர்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை வாங்கிக் கொடுங்கள், 20 ரூபாய்க்குள் கிடைக்கும். அசலை அதில் போட்டுப் பரணில் வைக்கச் சொல்லுங்கள். குடும்ப அட்டை எண், பாஸ்புக் எண், மனு எண் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி அவர்களிடமே கொடுங்கள். ஆதாருக்குக் கடைசி நாலு இலக்கம் போதும்.

8. டிசம்பர் 26-க்குப் பிறகு

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். திரும்பி வருவதாகச் சொன்ன அந்த இடத்தில்தான் நம் சபைகள் ஏறக்குறைய எல்லாமே கோட்டை விடுகின்றன. ஜனவரி மூன்றாம் வாரம், ஏப்ரல், ஜூலை என்று மூன்று தேதியைச் சபைக் காலண்டரில் இப்போதே குறித்து, நிலுவை மனுக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென்சன் வந்தவர்களுக்கும் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். ஆணை வந்தும் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்ததால் பணம் ஏறாத ஒருவர் எங்கள் பட்டியலில் இருந்தார்.

பாட்டிக்கு முதல் 1,200 ரூபாய் 2024 அக்டோபரில் வந்தது. அதில் நூறு ரூபாயைச் சுடலைமாடனுக்கு எண்ணெய்க்கு எடுத்து வைத்தார். எனக்கு ஒரு சீப்பு நாட்டுப்பழம்.

அடுத்த மே மாதம் எனக்கு மாற்றல் வரும் என்கிறார்கள். நீங்களும் ஒருநாள் பெட்டி கட்டுவீர்கள். அப்போது அந்த 40 பக்க நோட்டை உங்கள் புத்தகங்களோடு கட்டிவிடாமல், நிலுவையில் உள்ள பெயர், மனு எண், எந்த அலுவலகத்தில் நிற்கிறது, எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, புதிதாக வருகிறவர் கையில் நேரில் கொடுங்கள். முடிந்தால் அவரை அந்த வீடுகளுக்கு ஒரு சுற்று கூட்டிக்கொண்டும் போங்கள். என் நோட்டில் இன்றைக்கு நாலு பெயர் நிலுவை.